சலூனுக்குப் போன மாடு

போன மாதம் இரண்டு பெண்கள் ஸ்கூட்டரில் என்னைத் தேடி வந்தார்கள். போனில் சிரிப்பு வீடியோ போடுகிறவர்கள். நிறையப் பேர் பார்க்கிறார்களாம். வந்து உட்கார்ந்தவர்கள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காரணம் இல்லாமல் முன்கூட்டியே சிரிக்கிறவர்கள் ஒன்று ஓட்டுக் கேட்பார்கள், இல்லை பெண் கேட்பார்கள். என்னிடம் இரண்டும் தீர்ந்துபோனது. வேறு என்னவாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாட்டி, நாங்க போடற காமெடிய அடுத்தவங்க அப்படியே எடுத்துப் போட்டுடறாங்க. நீங்க டீவில நிகழ்ச்சி நடத்தறப்ப ஒருத்தரும் திருடாம எப்படிப் பாத்துக்கிட்டீங்க?"

"பாத்துக்கிட்டேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன்.

மறுபடியும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னேன்.

அவர்களிடம் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். இதில் வருகிற முக்கியமான ஆள் ராவுத்தர், என் முதலாளி. அவருக்குத் தமிழ் வாய் நிறைய உண்டு, வாசிக்க மட்டும் வராது. பாலக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் பால் சொசைட்டியில் எனக்கு வேலை. விடிந்ததும் ஆட்கள் தூக்குப்போசியோடு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் பாலிலும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊருக்குள் பெரிய மனிதர், கோவில் காரியத்தில் முன்னால் நிற்கிறவர், அவர் பாலில் தண்ணீரைக் காட்டிக்கொடுத்துக் குழல் கீழே இறங்கும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கினவள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான்.

ஒருநாள் ஒரு கவுண்டர் பிடிவாதமாக நின்றார். "தண்ணி ஊத்தலீங்க நாச்சக்கா. வெயில் காலமில்லீங்க, மாடு நெறைய குடிச்சுப்போடுச்சு."

"அப்ப நாளைக்கு மாட்டையே ஓட்டிட்டு வாங்க. கொழல அதும் மேல மெதக்க உட்டுப் பாத்துக்கலாம்" என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. கவுண்டரும் சிரித்துவிட்டுப் போனார். அன்றைக்குப் புரிந்துகொண்டேன். சந்தேகத்தைச் சந்தேகமாகச் சொன்னால் சண்டை வரும். சிரிப்பாகச் சொன்னால் ஆள் மறுநாளும் வருவான், கொஞ்சம் கெட்டியான பாலோடு.

அந்த வரிசைக்குப் பின்னால் புண்ணாக்கு மூட்டை இறக்க வந்து நின்றவர்தான் ராவுத்தர். கடைவீதியில் மாட்டுத்தீவனக் கடை, கூடவே கேபிள் கனெக்‌ஷன். கேபிளில் உள்ளூர்ச் சானல் ஒன்றும் வைத்திருந்தார். அதில் கல்யாண வீடியோவும் நகைக்கடை விளம்பரமும் ஓடிக்கொண்டிருக்கும். வரிசை சிரித்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை. மூட்டை இறங்கி முடிந்ததும் கேட்டார்.

"நாச்சம்மா, இதையே காமிரா முன்னாடி சொல்லுவியா?"

"காமிரா சிரிக்குங்களா?"

"சிரிக்காது."

"அப்பறம் எதுக்குங்க அதுகிட்டச் சொல்லோணும்?"

ஆனாலும் போனேன். காமிரா முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதன் கண்ணாடிக் கண் என்னையே சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. சரி, நாம் பேச வேண்டாம், மற்றவர்களைப் பேசவைப்போம் என்று பின்னால் போய்விட்டேன். அப்படித்தான் எழுதுகிறவள் ஆனேன். எழுதினேன் என்பது பேருக்கு. வாயால் சொல்லுவேன், அவ்வளவுதான். கட்டில் வேண்டும், குடை வேண்டும், மாப்பிள்ளைக்கு ஒரு கோட்டு வேண்டும் என்று ஊரெல்லாம் அலைந்து கொண்டுவருவதும் நான்தான் என்பதால், கொஞ்சநாளில் என் பேருக்கு முன்னால் 'தயாரிப்பு' என்று போட்டார்கள். அப்படியென்றால் என்ன என்று ராவுத்தரிடம் கேட்டேன்.

"எது கெட்டாலும் உன்னயக் கேப்போம்னு அர்த்தம்" என்றார்.

தொழில் கற்றுக்கொண்டது எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். ஒரே ஒரு பாடம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் ஒளிப்பதிவுக்கு, சிரிப்புச் சத்தம் வேண்டுமென்று அயல்கூட்டம் என்கிற மகளிர் குழுப் பெண்களைக் கூட்டிவந்து உட்காரவைத்தோம். முடிந்து போட்டுக் கேட்டால் மைக்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கிறது. படத்தைப் பார்த்தேன். அத்தனை பேரும் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு குலுங்குகிறார்கள். முன்வரிசையில் மாமியார்கள். மாமியார் இருக்கிற இடத்தில் எந்த மருமகள் வாய்விட்டுச் சிரிப்பாள்? அடுத்த வாரம் மாமியார்களை வேறு அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். இந்த அறையில் சிரித்த சிரிப்பில் மைக் கரகரத்துப் போனது. அந்த அறையில் ஒவ்வொரு மாமியாருக்கும், தன்னைப் பற்றித்தான் என்னமோ சொல்லுகிறார்கள் என்று சந்தேகம். அன்றிலிருந்து நான் யார் வாயையும் பார்ப்பதில்லை. தோளைத்தான் பார்ப்பேன். வாய் மரியாதைக்கும் சிரிக்கும், பயத்துக்கும் சிரிக்கும். தோளுக்கு அந்த வித்தை தெரியாது.

இனி ராவுத்தர். புதன்கிழமை மத்தியானம் கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனுக்குப் போய், அந்த வாரத்துக் கதையை முழுசாக அவரிடம் சொல்ல வேண்டும். மூட்டைகளுக்கு நடுவில் முதுகு உயரமான ஒரு சுழல் நாற்காலி போட்டிருப்பார். நான் ஆரம்பித்ததும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். பின்னாலிருந்து பார்த்தால் தொப்பியின் நுனி மட்டும் தெரியும். என் முகத்தைப் பார்த்தால் தீர்ப்புக் கெட்டுவிடுமாம், காதில் மட்டும் விழ வேண்டுமாம். நான் சொல்லி முடித்தபிறகு கொஞ்சநேரம் ஒன்றும் வராது. அப்புறம் "ம், எடுத்துக்க" என்பார். இல்லாவிட்டால் "மதி, இது வேண்டாம்" என்பார். மதி என்றால் மலையாளத்தில் போதும். ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. பிறந்தபோது அழுததோடு மனுசன் சத்தம் காட்டுவதை நிறுத்திவிட்டாரோ என்று நினைப்பேன்.

வியாழக்கிழமை ஒளிப்பதிவு. நடிக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவரவர் பேச வேண்டியதை மட்டும் காதில் சொல்லுவேன். முழுக்கதை ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால், சிரிப்பு வருகிற இடத்துக்கு நாலு வார்த்தை முன்னாலேயே முகம் இளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சானலில் வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. எங்கள் கதைகள் பக்கத்து ஊர்ச் சானலில் சனிக்கிழமையே வர ஆரம்பித்தன. ஆள் வேறு, சட்டை வேறு, கதை எங்களுடையது. ஒருதரம் என்றால் தற்செயல் என்று விடலாம். வாராவாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்களுடையதைப் பார்த்தவர்கள், நாங்கள்தான் அங்கிருந்து திருடுகிறோம் என்று பேசிக்கொண்டார்கள். பால் வரிசையில் ஒருத்தர் என்னிடமே கேட்டார்: "ஏனுங்க்கா, இப்பெல்லாம் பாலுல மட்டுந்தான் தண்ணி பாக்கறீங்களா?"

ராவுத்தர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மலைக்காரன்தான்" என்றார்.

மலைக்காரன் என்று அவர் சொன்னது மாரியப்பனை. மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவன். நாற்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன். பகலில் போஸ்ட்டில் ஏறிக் கேபிள் இழுப்பான், வியாழக்கிழமை நடிப்பான். அவனுடைய அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வேலை போனதும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ண வேண்டியிருந்தது. யாரோ சொந்தக்காரர் லயத்தில், சமையல்கட்டு ஓரத்தில் படுத்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு வீடு பார்த்து அம்மாவைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே பேச்சு. வேலையை விட்டு நிறுத்தினால் அவனுக்கு இங்கேயும் இடமில்லை, அங்கேயும் இல்லை.

"அவன்னு எப்படிச் சொல்றீங்க?"

"மத்தவங்க எல்லாம் நம்ம ஊரு."

"நம்மூருல திருடங்க இல்லீங்களா? நான் தெனமும் காலைல வரிசையாப் பாக்கறனே."

"நாச்சம்மா, விளையாடாத. இந்த வாரமும் அங்க வந்துச்சுன்னா அவன நிறுத்திருவேன்."

எனக்கும் அவன்மேல் சந்தேகம் இல்லாமல் இல்லை. பொய் சொல்லக்கூடாது. ஒளிப்பதிவு முடிந்ததும் எல்லோரும் டீக்குப் போவார்கள். அவன் மட்டும் தென்னைமரத்தடியில் தள்ளி நின்று போனில் பேசுவான், கையை ஆட்டி ஆட்டி. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"யாருகிட்டக் கண்ணு அவ்வளவு நேரம்?"

"எங்கம்மாட்டக்கா. இன்னைக்கு எடுத்த கதைய அப்பிடியே நடிச்சுச் சொல்லுதேன். அங்க நம்ம சானலு வராதுல்லா."

"சிரிப்பாங்களா?"

"எங்க சிரிக்கா? நான் பேச ஆரம்பிச்சாலே அழுகா. கதை முடியுற வரைக்கும் அழுதுட்டு, 'நல்லா இருக்குல மக்கா'ங்கா."

அவன் தோளைப் பார்த்தேன். பொய்யில்லை என்றுதான் பட்டது. ஆனால் எனக்குப் பட்டதை ராவுத்தரிடம் குழலில் மிதக்கவிட்டுக் காட்ட முடியாது.

அந்த வாரத்துக் கதை பெண் பார்க்கிற கதை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம்தான். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால் அக்கம்பக்கத்திலிருந்து சேர் வரும், டம்ளர் வரும். கதையில் பெண்ணின் அப்பன் ஒருபடி மேலே போய், சோபாவை ஒரு வீட்டிலிருந்தும், பிரிட்ஜை ஒரு வீட்டிலிருந்தும், கறவைமாட்டை ஒரு வீட்டிலிருந்தும் வாங்கிவைத்து எல்லாம் தன்னுடையது என்கிறான். பேச்சு நடக்கும்போதே கறவை நேரம் வந்துவிடுகிறது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பன் கேட்கிறான்: "மாடு போச்சு, போகட்டும்ங்க. பொண்ணாவது உங்க ஊட்டுதுதானுங்களா?"

புதன்கிழமை இதை ராவுத்தரிடம் சொன்னேன். நாற்காலி சுவரைப் பார்த்து நின்றது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம். அப்புறம் "எடுத்துக்க" என்றார். எழுந்து, தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, சலூனுக்குப் போகிறேன் என்று கிளம்பினார். புதன்கிழமையானால் சலூனுக்குப் போவார். தலையில் ஒரு முடி கிடையாது, தாடியும் விரல்கடை அளவுதான். பாலைப் பார்த்தே கறந்த மாட்டைச் சொல்லுகிறவள் என்று பேர் வாங்கிய எனக்கு, இந்த மனுசன் வாராவாரம் சலூனில் எதை வெட்டுகிறார் என்று அதுவரைக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மாட்டுக்கு என் நாத்தனாரிடம் சொல்லியிருந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை காலையில் அது கன்று போட்டுவிட்டது. வேறு யாரும் சட்டென்று மாடு கொடுக்க மாட்டார்கள், கண் பட்டுவிடும் என்பார்கள். நடிகர்கள் வந்து நிற்கிறார்கள். இன்னும் ஒருவர் காதிலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. முடிவு இல்லாமல் நான் முழிப்பதைப் பார்த்து மாரியப்பன் பக்கத்தில் வந்தான். அவன்தான் மாப்பிள்ளையின் அப்பன்.

"என்னக்கா, எதுவும் வரலியா?"

"பொண்ணு ஊட்டுல இரவல் வாங்கி வெச்ச சாமான் ஒவ்வொண்ணா வெளிய தெரியோணும். கடைசியில ஒண்ணு வேணும். அது கெடைக்கல."

கொஞ்சம் யோசித்தான். "பொண்ணு வீட்ல மட்டுந்தான் இரவல் வாங்குவாகளா? நான் கடைசில எந்திரிச்சு, 'சரிங்க, நேரமாச்சு. மாப்பிள்ளையப் பொழுது சாயுறதுக்குள்ள திருப்பிக் கொண்டுபோய் விடணும்'னு சொல்லட்டா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமை வந்தது. நல்ல கதைக்கு அதுதான் எனக்கு அடையாளம். அப்படியே எடுத்தோம். மருமகள்கள் சிரித்த சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து மாமியார்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ராவுத்தர் குடோனில் டீவியைப் போட்டுவிட்டு என்னை வரச்சொன்னார். எதிர்ச் சானலில் நிகழ்ச்சி ஆரம்பித்தது. சோபா வந்தது. பிரிட்ஜ் வந்தது. ராவுத்தர் பல்லைக் கடித்தார். "பாத்தியா? நாளைக்கே அவனக் கணக்குத் தீத்து அனுப்பு."

அப்போது திரையில் மாடு வந்தது. நல்ல கறுப்பு மாடு. கயிற்றை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்து போனது. அவர்களுடைய மாப்பிள்ளையின் அப்பன் கேட்டான்: பொண்ணாவது உங்க ஊட்டுதுதானுங்களா?

"ஏனுங்க ராவுத்தரே" என்றேன். "மாடு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"எந்த மாடு?"

"அவங்க ஓட்டிட்டு வந்த மாடு. நம்ம படத்துல மாடே இல்லீங்க. மாடு கன்னு போட்டுருச்சுன்னு முடிவையே மாத்திட்டமுங்க. மாப்பிள்ளைய இரவல் வாங்குனதா எடுத்தோம், அதுவும் மாரியப்பன் சொன்னதுங்க. மாடு போற கதைய நான் ஒரு நடிகருக்கும் சொல்லல. மாரியப்பனுக்கும் சொல்லல."

டீவியில் விளம்பரம் ஓடியது. ராவுத்தர் நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டார். தொப்பியின் நுனி மட்டும் தெரிந்தது.

"அந்தக் கதை ரெண்டு பேத்துக்குத்தாங்க தெரியும்" என்றேன். "நான் ஒருத்தி."

புண்ணாக்கு மூட்டையில் எலி ஓடுவது கேட்டது.

"சலூன்ல சொன்னேன்" என்றார் கடைசியில். "சும்மா, பேச்சுவாக்குல. அந்தச் சானல்ல நடிக்கறவன் ஒருத்தனும் அங்க சேவிங்குக்கு வருவான். அவன் எடுத்துட்டுப் போவான்னு எனக்குத் தோணல."

மாரியப்பனைப் பற்றித்தான் கேட்க வாயைத் திறந்தேன். வாய் வேறு ஒன்றைக் கேட்டது.

"சிரிச்சாங்களா?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சேவிங் பண்றவரு கத்திய எடுத்து மேசை மேல வெச்சுட்டாரு. கைல வெச்சுட்டுச் சிரிச்சா கழுத்துல பட்டுரும்னு."

"அவ்வளவு நல்லா சொன்னீங்களா?"

"இத்தன வருசமா கடையில ஒக்காந்திருக்கேன் நாச்சம்மா. தவிடு கேப்பாங்க, கனெக்‌ஷன் கேப்பாங்க. படம் தெளிவா வரலைன்னு ஏசுவாங்க. என்னயப் பாத்து யாரு சிரிச்சிருக்கா?"

எனக்கு அதற்கு மேல் அவரைக் குத்த மனசு வரவில்லை. நாற்காலி தானாகத் திரும்பும்வரை காத்திருந்தேன். திரும்பியபோது முதலாளி முகம் வந்திருந்தது.

"மாரியப்பன நாளைக்கு வரச்சொல்லு. மேட்டுத்தெரு லைன் அறுந்து கெடக்குது. அப்பறம், கடைக்கு மேல ரூமுல பழைய சாக்கு கெடக்குதே, அத எடுத்துப்போட்டா ரெண்டு பேரு இருக்கலாம். அவனும் அவங்க அம்மாவும் இருந்துக்கட்டும்."

மன்னிப்பு என்ற சொல்லை அவர் எந்தப் பாஷையிலும் படித்ததில்லை. மாரியப்பனின் அம்மா அந்த மாதமே வந்து சேர்ந்தார். மகன் நடிப்பதை டீவியில் பார்த்தும் அழுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

இதோடு விட்டிருந்தால் நான் நல்ல மனுசி. ஆனால் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. ராவுத்தர் அப்படி என்னதான் சொல்லுகிறார்? சலூனை ஒட்டித் தையல்கடை. நடுவில் பலகைத் தடுப்பு மட்டும். அடுத்த புதன்கிழமை ஒரு ரவிக்கையைப் பிரிக்கக் கொடுத்துவிட்டுத் தடுப்பு ஓரமாக உட்கார்ந்தேன். நானும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டியிருந்தது. ராவுத்தர் குரல் வந்தது. சொசைட்டி வரிசையில் நான் சொன்னதை, மாட்டின்மேல் குழலை மிதக்கவிடுகிறதை, சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது எனக்கே தோணுனது, கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

சொல்லவேண்டிய இடத்தில் நிறுத்தி, நிறுத்தவேண்டிய இடத்தில் சொல்லி, கதையைப் பாதி கொன்றுதான் முடித்தார். அப்படியும் சிரித்தார்கள். கத்தியை மேசையில் வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் சானலுக்கு ஒரு கதை சொல்லி முடித்ததும், "இன்னொண்ணு இருக்குதுங்க, டீவிக்கு ஆகாது, சும்மா உங்க காதுல கெடக்கட்டும்" என்று இரண்டாவதாக ஒன்று சொல்லுவேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது சலூனுக்குப் போகும். சனிக்கிழமை எதிர்ச் சானலில் வரும். எங்களுடையது ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக வரும். அவர்கள் கெட்டுப்போகட்டும் என்று மட்டமான கதையாகக் கொடுத்திருக்கலாம். யோசிக்காமல் இல்லை. ஆனால் மட்டமான கதைக்குக் கத்தி கையிலேயே இருக்கும், மேசைக்கு வராது. அதனால் நல்லதாகவே கொடுத்தேன். அப்படி நான் இரண்டு சானலுக்கும் எழுதினவள். ஒரு சானலுக்கு அது தெரியாது.

மாரியப்பன்தான் கடைசியில் மோப்பம் பிடித்தான். ஒரு சனிக்கிழமை நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, அந்தச் சானல்ல வார கதை இப்ப நம்ம கதை இல்ல. ஆனா கேட்டா நீங்க பேசுத மாதிரியே இருக்கு. எனக்கு உங்க மேலதான் சந்தேகமா இருக்கு."

அவன் வாய் சிரிக்கவில்லை. தோளும் அசையவில்லை. சுத்தமான சந்தேகம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"வியாழக்கெழமையிலிருந்து நீயே எழுது" என்றேன். "எனக்கு வயசாச்சு."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே."

"எழுதறவன் பதிலக் கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாது கண்ணு."

அப்படித்தான் ஓய்வு பெற்றேன். இப்போது அவன்தான் எழுதுகிறான். புதன்கிழமை இரண்டாவது கதை ஒன்று சொல்லுகிறானா என்று நான் கேட்டதில்லை. சலூனில் இன்னும் கத்தி மேசைக்கு வருகிறது என்று தையல்கடைக்காரர் சொன்னார்.

எனக்கு மிச்சம் இருக்கிற சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். அத்தனை புதன்கிழமையும் அந்த நாற்காலி சுவர்ப் பக்கம் திரும்பியது, தீர்ப்புக் கெட்டுவிடக்கூடாது என்றா, இல்லை வேறு எதையாவது மறைக்கவா? அந்த முதுகு உயரமான நாற்காலி உடைந்துபோய், ராவுத்தர் இப்போது கடையில் ஸ்டூலில்தான் உட்காருகிறார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா? யாராவது ஒருத்தர் இதை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு வாசித்துக் காட்டத்தான் போகிறீர்கள். காட்டுங்கள். பாதியிலேயே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். விட்டுவிடுங்கள். வாசித்துக்கொண்டே அவருடைய தோளை மட்டும் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.